சாமி எதுவானாலும் சரி, சரக்கு உண்டா?

காலையில் நீங்கள் சாப்பிட்ட ஆம்லெட்டுக்கும் இத்தாலியின் மெடிச்சி ராஜ குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிரிக்காதீர்கள். நாமக்கல் பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாளொரு முட்டையாகப் போடுகிறதே அந்த வெள்ளைக் கோழி, அதன் பரம்பரைப் பெயர் ஒயிட் லெகார்ன். நம் ஊர்க்காரர்கள் அதையும் தேய்த்து 'லெகான் கோழி' ஆக்கிவிட்டார்கள். லெகார்ன் என்பது ஓர் ஊர். அசல் பெயர் லிவோர்னோ. இத்தாலியின் மேற்குக் கரையில் உள்ள துறைமுகம். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்று கடித்துத் துப்பிய அதே வெள்ளைக்கார வாய்தான் லிவோர்னோவையும் லெகார்ன் ஆக்கியது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கோழிகளுக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. உலகத்துக்கு மத சகிப்புத்தன்மை என்றால் என்னவென்று காட்டிய ஊர் என்று சரித்திரப் பேராசிரியர்கள் உருகி உருகி எழுதும் லிவோர்னோவை, நாம் முட்டையால்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்!

பேராசிரியர்கள் உருகுவதில் தப்பில்லை. ஆனால் அந்த சகிப்புத்தன்மையை உருவாக்கிய மகானின் கதையைக் கேட்டால் உருகுவதா, சிரிப்பதா என்று குழம்பிவிடுவீர்கள்.

முதலில் ஊர். 1421இல் ஃப்ளாரன்ஸ்காரர்கள் இதை ஜெனோவாக்காரர்களிடம் ஒரு லட்சம் தங்க ஃப்ளோரின் கொடுத்து வாங்கினார்கள். வாங்கியது என்ன? ஒரு சின்னத் துறை, கொஞ்சம் மீனவர்கள், சுற்றிலும் சதுப்பு நிலம், அதில் வேண்டுமளவு கொசு. 'கடலோர வியூ' என்று சொல்லி மனை விற்கும் கலை அப்போதே நன்றாக வளர்ந்திருந்தது.

150 வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1577இல் பொன்தாலெந்தி என்ற கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டு ஐங்கோண வடிவில் ஓர் அருமையான நகரத்துக்கு பிளான் போட வைத்தார்கள். இவர் கோட்டை கட்டுவார், வாணவேடிக்கை விடுவார், நாடக மேடை போடுவார். ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்தவரும் இவர்தான் என்று ஃப்ளாரன்ஸில் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்கள். அடிக்கல் நாட்டியாயிற்று, விழா நடந்தாயிற்று, பிளான் பிரமாதம். ஒரே ஒரு குறை. குடியேற ஆள் வரவில்லை. மலேரியாவுக்கு வாடகை கொடுக்க யாருக்கு ஆசை?

இங்கேதான் நம் கதாநாயகன் நுழைகிறார். ஃபெர்தினாந்தோ தெ மெடிச்சி. பதின்மூன்று வயதிலேயே கார்டினல்! அந்த வயதில் நாமெல்லாம் எட்டாம் வகுப்பில் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தோம். இவர் தலையில் சிவப்புத் தொப்பி. கடவுள் பக்தியால் அல்ல, குடும்பத்துக்கு ரோமில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பாதிரியாராக அவர் முறைப்படி பட்டம் பெறவே இல்லை. ரோமில் அவர் செய்த தலையாய ஆன்மிகப் பணி, பழைய கிரேக்க, ரோமானிய சிலைகளை வாங்கிக் குவித்ததுதான். அவற்றில் கணிசமானவற்றுக்கு உடம்பில் துணி இல்லை.

1587 அக்டோபரில் அண்ணன் பிரான்செஸ்கோ மாரடித்துக்கொண்டிருந்த, ஃப்ளாரன்ஸைத் தலைநகராகக் கொண்ட டஸ்கனி ராஜ்ஜியம் இவர் மடியில் விழுந்தது. எப்படி? அண்ணனைப் பார்க்கப் பண்ணை வீட்டுக்குப் போனார். அண்ணன் காய்ச்சலில் செத்தார். மறுநாளே அண்ணியும் செத்தார். தம்பி மட்டும் ஜம்மென்று திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். ஊர் சும்மா இருக்குமா? விஷம் என்றது. நானூறு வருடம் கழித்து மிச்சங்களைத் தோண்டி ஆராய்ந்த விஞ்ஞானிகளில் ஒரு கோஷ்டி ஆர்சனிக் என்கிறது, இன்னொரு கோஷ்டி மலேரியா என்கிறது. கொசுவோ தம்பியோ, மொத்தத்தில் குற்றவாளி உள்ளூர்தான்.

கார்டினலுக்கு வாரிசு எப்படி வரும்? சிவப்புத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு 1589இல் லொரேன் இளவரசி கிறிஸ்தீனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் என்றால் இன்று ட்ரோன் விட்டுப் படம் பிடிப்பவர்கள் வெட்கப்பட வேண்டும். அரண்மனை முற்றத்தைத் தண்ணீரால் நிரப்பி, அதில் கப்பல்கள் விட்டு, கிறிஸ்தவர்களுக்கும் துருக்கியர்களுக்கும் பொய்க் கடற்போர்! ஏற்பாடு, நம் ஐஸ்கிரீம் பொன்தாலெந்தி. துருக்கியர் கோட்டை தவிடுபொடி. விருந்தாளிகள் கைதட்டல்.

இரண்டே வருடத்தில் அதே மாப்பிள்ளை, அதே துருக்கியர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பினார்.

1591 ஜூலை 30. அவருடைய பிறந்தநாள். அன்று வெளியிட்டு, 1593இல் இன்னும் விரிவாக்கிய சாசனத்துக்கு 'லிவோர்னினா' என்று செல்லப் பெயர். கிழக்கத்தியர், மேற்கத்தியர், ஸ்பானியர், போர்த்துகீசியர், கிரேக்கர், ஜெர்மானியர், யூதர், துருக்கியர், வட ஆப்பிரிக்க மூர்கள், ஆர்மீனியர், பாரசீகர் என்று அடுக்கிக்கொண்டே போய், யாரையாவது விட்டுவிட்டோமோ என்ற பயத்தில் 'மற்றும் பிறரும்' என்று முடிகிறது அந்த அழைப்பு. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுவோமே, அதுபோல.

சலுகைகளைப் பாருங்கள். வெளியூரில் வாங்கிய கடன் இங்கே துரத்தாது. பழைய குற்றங்களுக்கு மன்னிப்பு. கொலை, கள்ள நாணயம் மாதிரி சிலது மட்டும் விதிவிலக்கு. யூதர்கள் உடையில் அடையாளத் துணி குத்த வேண்டாம், வீடு வாங்கலாம், ஜெபக்கூடம் கட்டலாம், படித்து டாக்டர் ஆகலாம். வேறு தேசத்தில் உயிருக்குப் பயந்து கிறிஸ்தவனாக நடித்துக்கொண்டிருந்தாயா? பரவாயில்லை, இங்கே வந்து மறுபடி யூதனாகிக்கொள், மத விசாரணைக்காரர்கள் உன் பழைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய ஒரு தகவல் போதும். 1556இல் போப்பாண்டவரின் சொந்தத் துறைமுகமான அங்கோனாவில், இப்படி மறுபடி யூதர்களான இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தீயில் போட்டிருந்தார்கள்.

பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள யூதக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி. பதின்மூன்று! சிறுவர்களை மதத்துக்குள் தள்ளுவதற்கு அது சரியான வயது என்பதில் ஃபெர்தினாந்தோவுக்கு சொந்த அனுபவம் இருந்தது.

அப்பேர்ப்பட்ட மகானா என்று கையெடுத்துக் கும்பிடப் போகிறீர்களா? கையைக் கொஞ்சம் இறக்குங்கள். லிவோர்னோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் தலைநகர் ஃப்ளாரன்ஸ். அங்கே இவருடைய அப்பா கோசிமோ 1571இல் யூதர்களை ஒரு சந்துக்குள் தள்ளி கெட்டோ அமைத்திருந்தார். மகன் அதைத் திறந்துவிட்டாரா? ம்ஹூம். ஒரே ராஜா, ஒரே மதம், ஒரே காலம். ஃப்ளாரன்ஸில் யூதன் என்றால் பூட்டு. லிவோர்னோவில் யூதன் என்றால் 'உட்காருங்க சார், காற்றாட உட்காருங்க'. வித்தியாசம் கடற்காற்றுதான். ஃப்ளாரன்ஸ் யூதனிடம் துணிக்கடை இருந்தது. லிவோர்னோவுக்கு வரப்போகும் யூதனிடம் அலெப்போவிலும் துனிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மச்சான்கள் இருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. இதே கோசிமோ அப்பா 'புனித ஸ்தேவான்' பெயரில் ஒரு வீரர் சபை ஆரம்பித்திருந்தார். சிலுவை போட்ட உடுப்பு, கப்பல், கத்தி. தொழில், முஸ்லிம் கப்பல்களைக் கொள்ளையடித்து ஆட்களை அடிமையாகப் பிடிப்பது. கேட்டால் பக்தி. அந்தக் கப்பல்கள் எங்கே நங்கூரம் போட்டன? லிவோர்னோவில்தான். ஒரு துறையில் துருக்கிய வியாபாரிக்கு சந்தனம் தெளித்து வரவேற்பு, பக்கத்துத் துறையில் துருக்கிய அடிமைக்கு சங்கிலி. 1607இல் இந்த வீரர்கள் அல்ஜீரியக் கரையில் போனா என்ற ஊருக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து வந்தார்கள். அதைக் கொண்டாட ஃப்ளாரன்ஸ் அரண்மனையில் சுவரோவியம் வேறு. கடலுக்கு அந்தப் பக்கம் அல்ஜியர்ஸ்காரர்களும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மை. அதனால் சங்கிலியின் எடை குறைந்துவிடவில்லை.

அந்த அடிமைகளை அடைக்க 'பாஞ்ஞோ' என்ற பெரிய கொட்டடி கட்டினார்கள். அதற்குள்ளே ஒரு மசூதி! ஆம், கத்தோலிக்க ராஜாவின் சிறைக்குள் மசூதி. அவர் மனது அவ்வளவு விசாலம் என்று நினைக்காதீர்கள். இங்கே முஸ்லிம் அடிமைக்குத் தொழ இடமில்லை என்றால், அல்ஜியர்ஸில் கிடக்கும் கிறிஸ்தவ அடிமைக்கு மாதா கோயில் இருக்காது. கணக்குக்குக் கணக்கு. இன்னும் விசித்திரம், பகலில் அந்த அடிமைகளில் பலர் துறைமுகத்தில் சின்னக் கடை போட்டுத் தண்ணீர் விற்றார்கள், சவரம் செய்தார்கள், காப்பி விற்றார்கள். காப்பி குடிக்கும் பழக்கத்தை இத்தாலியர்களுக்குப் பழக்கிவிட்டவர்களில் இந்தக் காலில் சங்கிலி போட்ட பாரிஸ்டாக்களும் உண்டு.

ஃபெர்தினாந்தோவுக்கு சிலை வேண்டாமா? துறைமுகத்தையே பார்த்தபடி சபையின் சீருடையில் பளிங்கில் நிற்கிறார். அவர் செத்துப் பல வருடம் கழித்து, பியெத்ரோ தாக்கா என்ற சிற்பி பீடத்தின் நான்கு மூலையிலும் சங்கிலியால் கட்டிய நான்கு அடிமைகளை வெண்கலத்தில் வார்த்து வைத்தார். 1626இல் வேலை முடிந்தது. கொட்டடிக்குப் போய் உண்மையான அடிமைகளையே பார்த்து அச்செடுத்தார் என்கிறார்கள். விளைவு, விபரீதம். அந்த நான்கு பேரின் முகத்திலும் முதுகிலும் இருக்கும் வேதனை அப்படியே உங்களை நிறுத்திவிடும். மேலே நிற்கும் ராஜாவை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சிலைக்கு ஊரார் வைத்திருக்கும் பெயரே 'நான்கு மூர்கள்'தான். அந்தச் சதுக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் நான்கு பேரின் மூக்கும் ஒரே சமயத்தில் தெரியும், பார்த்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை. இடம் கண்டுபிடிக்கக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து நகரும் டூரிஸ்டுகளை இன்றும் பார்க்கலாம். ஐந்தாவது மூக்கைத் தேடுவார் யாருமில்லை.

சரி, சலுகை அறிவித்தாயிற்று, ஆட்கள் வந்தார்களா? வந்தார்களாவது! நல்லவர், கெட்டவர், கடன்காரர், ஓடுகாலி எல்லோரும் வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து ராபர்ட் டட்லி என்றொரு பிரபு. லெஸ்டர் ஏர்லின் மகன். அப்பா முறைப்படித் தாலி கட்டியதாக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியவில்லை. கோபம் வந்தது. மனைவியையும் வரிசையாகப் பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு, சொந்தக்காரப் பெண் ஒருத்தியை ஏவலாள் பையன் வேஷத்தில் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கம்பி நீட்டினார். கத்தோலிக்கராக மாறி, போப்பின் அனுமதி வாங்கி, அவளையே கல்யாணமும் செய்துகொண்டார். இப்படிப்பட்டவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஃபெர்தினாந்தோ கொடுத்தார். கப்பல் கட்ட, துறைமுகம் சீர்செய்ய. ரெஸ்யூமேயில் 'குடும்ப நிலவரம்' என்ற பகுதியை அவர் படிக்கும் வழக்கமே இல்லை. டட்லியும் சோடை போகவில்லை. பிற்காலத்தில் கடல் வரைபடங்களின் பிரம்மாண்டமான தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். வழி தெரிந்து ஓடியவர் ஆயிற்றே.

யூதர்கள் வந்த கதைதான் முக்கியம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் யூதர். கெட்டோ கிடையாது. அவர்களின் ஜெபக்கூடம் ஐரோப்பாவிலேயே ஆம்ஸ்டர்டாமுக்கு அடுத்தபடி பெரியது. யார் டஸ்கனிப் பிரஜை ஆகலாம் என்பதையே யூத சபையார் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். விசா ஆபீஸையே அவர்களிடம் கொடுத்தாயிற்று! லிவோர்னோவில் யூதனை அடிப்பதற்கு கிராண்ட் ட்யூக்கையே, அதாவது ராஜாவையே, அடித்துவிடலாம், தண்டனை குறைவு என்ற அர்த்தத்தில் ஒரு சொலவடையே பிறந்தது.

அவர்கள் செய்த வியாபாரங்களில் நமக்கு நெருக்கமானது பவழம். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவழம் லிவோர்னோ பட்டறைகளில் மெருகேறி இந்தியாவுக்குப் போகும், இங்கிருந்து வைரம் திரும்பும். கோவாவுக்குப் போகும் வழியைக் கவனியுங்கள். லிவோர்னோவில் எர்காஸ், சில்வேரா என்ற யூதக் கூட்டாளிகள். இடையில் லிஸ்பனில் கத்தோலிக்க ஏஜெண்டுகள். கோவாவில் சரக்கை வாங்குபவர்கள் காமத் வகையறா சாரஸ்வத பிராமணர்கள். போர்த்துகீசிய மண்ணில் கால் வைத்தால் யூதனுக்குத் தீ காத்திருக்கிறது. கடல் தாண்டினால் பிராமணனுக்கு ஆசாரம் போய்விடும். ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் வர வருடக் கணக்காகும். வாட்ஸப்பில் நீல டிக் விழுந்து பத்து நிமிடம் பதில் வராவிட்டால் நமக்கு நெஞ்சு படபடக்கிறது. இவர்கள் பெட்டி பெட்டியாகப் பவழத்தை அனுப்பிவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்கள். கடிதங்கள் போர்த்துகீசிய மொழியில். 'கடவுள் உங்களைக் காப்பாராக' என்று முடிப்பது அந்த மொழியின் வழக்கம். எந்தக் கடவுள் என்று ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பெயர் சும்மா வரவில்லை. லண்டன் வழியாக ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பலில் மதராசுக்கு வந்திறங்கிய பவழத்தையும் திரும்பிப் போன வைரத்தையும் வைத்து வாழ்ந்த யூத வியாபாரிகள் கோட்டையைச் சுற்றி இருந்தார்கள். லிவோர்னோவில் மெருகேறிய சரக்கும் அந்தப் பெட்டிகளில் உண்டு. ஜோசியர் செவ்வாய் தோஷத்துக்குப் பவழ மோதிரம் போடச் சொல்ல, நம் முப்பாட்டன் வாங்கிப் போட்டிருப்பார். கத்தோலிக்க ராஜாவின் ஊரில் யூதன் மெருகேற்றி, புராட்டஸ்டண்ட் கப்பலில் ஏற்றிய கல். செவ்வாய் பகவானும் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

எல்லாம் சுமுகமாக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். எர்காஸ், சில்வேரா கூட்டாளிகள் ஒரு பெரிய வைரத்தை விற்றுத் தருவதாக ஏற்றுக்கொண்டு, அது கோர்ட் கேஸாகி, 1746இல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள். பக்கத்து மதத்துக்காரன் கவிழ்க்காத கடையைப் பேராசை கவிழ்த்தது. கிரேக்கர்களோ, போப்பை ஏற்றவர்கள், ஏற்காதவர்கள் என்று இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள் மல்லுக்கட்டினார்கள். ஆங்கிலேய வியாபாரிகள் 1706இல் பாசில் கென்னெட் என்ற பாதிரியாரைத் தருவித்தபோது, ரோமின் மத விசாரணைக்காரர்கள் பாய்ந்தார்கள். அவர் மேல் கை வைத்தால் எங்கள் ராணி மேல் கை வைத்ததாகக் கருதுவோம் என்று லண்டனிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்துக்குப் பின்னால் கடற்படை இருந்ததால், கொள்கை சட்டென்று தளர்ந்தது. 1790இல் பூட்டப்பட்ட தேவாலயங்களைத் திறக்கச் சொல்லிக் கிளம்பிய ஒரு கூட்டம், கையோடு யூதர் தெருவையும் ஒரு கை பார்க்கப் போனது. சாசனம் இருந்தது அரசாங்கப் பெட்டியில். கூட்டம் இருந்தது தெருவில்.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் மூன்றாம் கோசிமோ. ஃபெர்தினாந்தோவின் கொள்ளுப் பேரன். பக்தி என்றால் அப்படி இப்படி பக்தியல்ல, மண்டியிட்டே முழங்கால் தேய்ந்த ரகம். யூதரும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் வசிக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டவர். 1675இல் அவர் மனைவி, இந்த மனுஷனோடு குப்பை கொட்ட முடியாது என்று பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டார். அடுத்த வருடம், 1676இல், லிவோர்னோவை முழுச் சுதந்திரத் துறைமுகமாக அறிவித்தார் கோசிமோ. யாரும் வரலாம், போகலாம், சரக்குக்குச் சுங்கத் தொல்லை இல்லை. வீட்டில் விழுந்த அடி அவரைக் கொஞ்சம் தாராளவாதி ஆக்கியதோ என்னவோ.

இதே கோசிமோதான் கோவாவில் இருக்கும் புனித சவேரியாரின் சமாதிக்குப் பளிங்கில் அற்புதமான பீடம் செய்து அனுப்பியவர். போஜ்ஜினி என்ற சிற்பி பத்து வருடம் செதுக்கி, 1698இல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பழைய கோவா போனால் பார்க்கலாம். அவருக்குக் கைமாறாகக் கிடைத்தது புனிதரின் தலையணை. டஸ்கனியிலிருந்து கோவாவுக்குப் பளிங்கு போனது, தலையணை வந்தது. யூதர்கள் பவழம் அனுப்பி வைரம் வாங்கினார்கள். வியாபாரத்தில் யார் கெட்டிக்காரர் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

ஊரின் குணம் சாப்பாட்டுத் தட்டில் இன்னும் இருக்கிறது. 'கச்சூக்கோ' என்று ஒரு மீன் குழம்பு. வலையில் மிஞ்சிய கண்ட கண்ட மீனையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சுவது. அந்தப் பெயரே 'சின்னது' என்று பொருள்படும் துருக்கிய வார்த்தையிலிருந்து வந்தது என்கிறார்கள். 'பொன்ச்சே' என்று ஒரு பானம். இங்கிலீஷ்காரனின் பஞ்ச், அதில் ரம், அதற்கு மேல் காப்பி. மூன்று கண்டங்கள் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில்!

இனி 1884. சுதந்திரத் துறைமுகச் சலுகை போய்விட்டது, ஊரின் மவுசும் போய்விட்டது. ஒரு யூத வியாபாரிக் குடும்பம் திவால். ஜப்தி செய்ய அமீனா வந்துகொண்டிருக்கிறார். வீட்டுக்காரம்மாவுக்கு அந்த நேரம் பார்த்து இடுப்பு வலி. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணின் கட்டிலில் உள்ளதை ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. குடும்பம் யோசித்தது. சட்டத்தைப் புரட்டி, அதில் ஓர் ஆள் படுக்குமளவு இடம் கண்டுபிடிப்பது லிவோர்னோவில் முன்னூறு வருடப் பழக்கம் அல்லவா? வீட்டில் இருந்த நகை, வெள்ளி, விலை போகும் சாமான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து கட்டில் மேல், அந்தம்மாவைச் சுற்றியே குவித்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் காலமெல்லாம் சொல்லிச் சொல்லி ரசித்த கதை இது. அன்றைக்கு அந்தப் பாத்திரக் கடைக்கு நடுவே வீரிட்டுக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு அமெதெயோ மொதில்யானி என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் நீளக் கழுத்துப் பெண்களாக வரைந்து தள்ளிய ஓவியர். அமீனா கட்டிலைத் தவிர வீட்டில் மிச்சமிருந்ததைக் கணக்கெடுத்துக்கொண்டு போனார்.